காரைக்கால் சமையலறையில் ஆமைக் கேக்

விலங்கு வடிவில் பிறந்தநாள் கேக் செய்யும்போது ருசிக்கும் நிறத்துக்கும் முன்னால் தீர்க்க வேண்டியவை எடையும் ஈரமும். வட்டக் கேக்கின் எடை அடிப்பாகம் முழுவதும் பரவித் தட்டில் இறங்கிவிடுகிறது. அதே கேக்குக்கு நான்கு கால், கழுத்து, தலை என்று வைத்தவுடன் எடை சில இடங்களில் மட்டும் குவிகிறது. விரலால் அழுத்தினால் அமுங்கும் ஒரு பண்டம் அதைத் தாங்கியாக வேண்டும். மேலே பூசிய கிரீமும் சர்க்கரைப் பூச்சும் மாலை விருந்தினர் வரும்வரை வழியாமல் நிற்க வேண்டும். குளிர்நாடுகளிலிருந்து வரும் செய்முறைகள் 20 டிகிரி செல்சியஸ் அறையையும் வறண்ட காற்றையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. காவிரிப் படுகை கடலைத் தொடும் காரைக்காலில் ஆண்டின் பெரும்பாலான நாள்களில் இந்த இரண்டும் கிடைப்பதில்லை.

காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. மூன்று பக்கமும் தமிழ்நாட்டு மாவட்டங்கள், கிழக்கே வங்கக் கடல், ஊரையொட்டி அரசலாறு. பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான் என்பதால் எந்த வீடும் கடலிலிருந்து வெகு தொலைவில் இல்லை. மே மாதப் பகலில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டுகிறது. பிற்பகலில் வரும் கடல்காற்று சூட்டைக் குறைத்தாலும் ஈரத்தைக் கொண்டு வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால், காலை ஒப்பு ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்கு மேல் போவது வழக்கம். கேக்குக்கு இன்னும் முக்கியமான எண் ஒன்று உண்டு: பனிநிலை. காற்றிலுள்ள நீராவி நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை அது. இந்தக் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி அது 22 முதல் 26 டிகிரிக்குள் நிற்கிறது. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருளை வெளியே வைத்தாலும் சில நிமிடங்களில் அதன்மேல் நீர் கோக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கேக்கும் அதற்கு விலக்கில்லை. இந்த அத்தியாயத்தில் வரும் முடிவுகளில் பாதி இந்த ஓர் எண்ணிலிருந்து பிறப்பவை.

விலங்கு உருவில் இனிப்புச் செய்வது பழைய பழக்கம். கர்நாடகத்தில் சங்கராந்திக்குச் சர்க்கரைப் பாகை மர அச்சில் வார்த்து யானையும் பறவையும் செய்து, எள்ளோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ஈஸ்டருக்கு ஆட்டுக்குட்டிக் கேக் உண்டு. இரு பாதியாகப் பிரியும் சுட்ட மண் அச்சில் மாவை ஊற்றி வேகவைத்து, மேலே ஐசிங் சர்க்கரை தூவுவார்கள். அந்த அச்சில் கால்கள் தனித்தனியே நிற்பதில்லை. உடலோடு ஒட்டியே இருக்கும். மண் அச்சு செய்த குயவர்கள் கேக்கின் பலவீனத்தை நன்றாக அறிந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ‘விமன்ஸ் வீக்லி’ இதழ் 1980இல் வெளியிட்ட குழந்தைகள் பிறந்தநாள் கேக் புத்தகம் வேறு வழியைக் காட்டியது: வீட்டிலுள்ள சாதாரண வட்ட, சதுரத் தட்டுகளில் கேக்கை வேகவைத்து, பிறகு வெட்டி ஒட்டி உருவம் செய்வது. உருளைக்கிழங்கு சிப்ஸை அலகாக வைத்த அந்தப் புத்தகத்தின் வாத்துக் கேக் அந்நாட்டில் இன்றும் செய்யப்படுகிறது.

இந்தியக் கேக்கின் கதை பெரும்பாலும் தலச்சேரியில் தொடங்குவதாகச் சொல்லப்படுகிறது. 1883இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி கேட்டுக்கொண்டதற்காக மாம்பள்ளி பாப்பு அங்கே ஒரு கிறிஸ்துமஸ் கேக் செய்தார். தலச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் மாஹே, காரைக்காலைப் போலவே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். இன்று இரண்டும் ஒரே ஒன்றியப் பகுதிக்குள் உள்ளன. புதுச்சேரியின் கிரியோல் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் விவிக்கம் கேக்கில் மைதாவுக்குப் பதில் ரவை சேர்கிறது. நீரை மெதுவாக உறிஞ்சும் ரவை, ஈரமான பழங்களைத் தாங்கும் கனமான கேக்கைத் தரும். உருவம் செதுக்குவதற்கு அது சற்றுக் கரகரப்பு, மைதாவே ஏற்றது.

எந்த விலங்கு என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கான கணக்கைக் கலிலியோ 1638இல் வெளியான தம் கடைசி நூலிலேயே போட்டுவிட்டார். ஓர் உடலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டித்தால் எடை 8 மடங்காகும். கால்களின் குறுக்குப் பரப்போ 4 மடங்குதான் ஆகும். ஆகவே காலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்பைவிட இரு மடங்கு சுமையைத் தாங்க நேர்கிறது. யானைக்குத் தூண் போன்ற கால்கள் அமைந்ததற்கும், அதே கால்கள் மானுக்குத் தேவைப்படாததற்கும் இதுவே காரணம். உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1926இல் ஒவ்வோர் உயிருக்கும் ஏற்ற அளவு எது என்று ஆராய்ந்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் அடிப்படையும் இதுதான். 1957இல் இந்தியாவுக்குக் குடிவந்த அவர், 1964இல் புவனேஸ்வரத்தில் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார்.

விலங்குக்கு எலும்பு இருக்கிறது. கேக்குக்கு இருப்பது, மாவுச்சத்தும் முட்டைப் புரதமும் சேர்ந்து குமிழிகளைச் சுற்றிக் கட்டிய மெல்லிய சுவர்கள் மட்டும். உள்ளங்கை அளவுள்ள யானைக் கேக் தன் காலில் நிற்கக்கூடும். அதையே நான்கு மடங்கு பெரிதாக்கினால் கால்கள் நசுங்கிவிடும். கடைகளில் நின்ற நிலையில் குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் செய்பவர்கள் உள்ளே குச்சியும் பலகையும் செருகித்தான் நிறுத்துகிறார்கள். சின்னக் குழந்தைகள் கையாலேயே பிய்த்துத் தின்னும் கேக்குக்குள் மறைந்த குச்சிகள் வேண்டாம். வயிறு தரையில் படியும் விலங்கே வீட்டுக்கு ஏற்றது: உட்கார்ந்த முயல், படுத்த பசு, திமிங்கலம், ஆமை.

காரைக்காலுக்கு இவற்றில் மிகப் பொருத்தமானது ஆமை. சோழமண்டலக் கடற்கரைக்கு ஆண்டின் தொடக்க மாதங்களில் முட்டையிட வரும் பங்குனி ஆமையைக் கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவ ஊர்களின் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. அதன் ஓடு 60 முதல் 70 சென்டிமீட்டர் நீளம். அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவே. கடலாமைகளில் இந்த அளவுக்கு வட்டமான ஓடு சிலவற்றுக்கே உண்டு. ஆகவே வட்டக் கிண்ணத்தில் வெந்த கேக் இந்த ஆமையின் உண்மையான உருவத்துக்கு இயல்பாகவே நெருங்கி வருகிறது. முன்துடுப்புகள் நீளமானவை, பின்துடுப்புகள் குட்டையானவை. தலையோ தரையிலேயே கிடக்கலாம். எதுவும் அந்தரத்தில் தொங்குவதில்லை.

ஆமை புகுந்த வீட்டைப் பற்றிய பழமொழியை நினைத்துப் பெரியவர்கள் தயங்கும் வீடுகளும் உண்டு. பிறந்தநாளில் அவர்கள் மனம் சங்கடப்படக் கூடாது. அதே கிண்ணம், அதே அளவு மாவு, அதே பூச்சு ஆகியவற்றோடு முயலோ திமிங்கலமோ செய்யலாம். கீழே வரும் கணக்கில் எதுவும் மாறாது.

கணக்கு கிண்ணத்திலிருந்து தொடங்குகிறது. வாய் 18 சென்டிமீட்டர் அகலமுள்ள அரைக்கோளக் கிண்ணத்தின் கொள்ளளவு சுமார் 1.5 லிட்டர். சமையலறைக் கிண்ணம் எதுவும் சரியான அரைக்கோளம் அல்ல. எனவே அளவுக் குவளையால் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுவதே நம்பகமானது. மாவு வெந்து உப்ப இடம் வேண்டும் என்பதால் கிண்ணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் நிரப்பக் கூடாது. அதாவது 1 லிட்டருக்குள். பிரான்சின் பிரிட்டனி பகுதியில் வழங்கும் சமஎடை முறை இங்கே கைகொடுக்கிறது: மைதா, சர்க்கரை, வெண்ணெய், ஓடு நீக்கிய முட்டை நான்கும் ஒரே எடை. தலா 200 கிராம் எடுத்தால் மொத்தம் 800 கிராம். முட்டை நடுத்தர அளவில் நான்கு. இதில் 700 கிராம் கலவையைக் கிண்ணத்திலும், மீதி 100 கிராமைத் துடுப்புகளுக்காக ஒரு சிறிய தட்டிலும் ஊற்ற வேண்டும். பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காயோ வனிலாவோ விருப்பம்போல்.

இந்த நான்கில் மென்மையைத் தருபவை சர்க்கரையும் வெண்ணெயும்; உருவத்தைத் தாங்குபவை மாவும் முட்டையும். கடையில் கிடைக்கும் சில மைதாக்களில் புரதம் சற்றுக் கூடுதலாக இருக்கும். அது நீரோடு சேர்ந்து பிசைபடும்போது பரோட்டா மாவுக்குரிய இழுவை வந்துவிடும். ஒவ்வொரு கப் மைதாவிலும் 2 மேசைக்கரண்டியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சோள மாவு சேர்த்தால் புரதத்தின் பங்கு குறையும். மாவு சேர்த்த பிறகு அதிகம் கலக்காமல் இருப்பதும் இதற்காகத்தான்.

சர்க்கரையின் வேலை இனிப்போடு முடிவதில்லை. கோதுமையின் மாவுச்சத்து தண்ணீரில் 60 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே உப்பிக் குழையத் தொடங்கும். சர்க்கரை நிறைந்த கேக் மாவில் அது 80 டிகிரிக்கு மேல் தள்ளிப்போகிறது. முட்டைப் புரதம் உறைவதும் அப்படியே தாமதமாகிறது. இந்தத் தாமதத்துக்குள்தான் குமிழிகள் விரிந்து கேக் உயர்கிறது. இனிப்பு அதிகம் என்று சர்க்கரையைப் பாதியாக வெட்டினால், சுவர்கள் முன்னதாகவே இறுகிவிடும். கேக் உயராமல் கெட்டியாக நின்றுவிடும்.

வெண்ணெயில்தான் காரைக்கால் வீடுகள் மிகுதியாகத் தடுமாறுகின்றன. வெண்ணெயையும் சர்க்கரையையும் அடிக்கும்போது சர்க்கரைத் துகளின் முனைகள் கொழுப்புக்குள் காற்றைச் செலுத்துகின்றன. அந்தக் காற்றைப் பிடித்து வைப்பவை கொழுப்பின் நுண்ணிய படிகங்கள். 18 முதல் 21 டிகிரியில் அவை போதுமான அளவு இருக்கும். 30 டிகிரியில் பெரும்பகுதி உருகிவிடும். 35ஐ நெருங்கினால் எஞ்சுவது எண்ணெய் மட்டும். எண்ணெய்க்குள் அடித்த காற்று தங்காது. பேக்கிங் பவுடர் இந்த இழப்பை ஈடுகட்டும் என்று நினைப்பது தவறு. அது வெளியிடும் கரியமில வாயு புதிய குமிழிகளை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ள குமிழிகளுக்குள் புகுந்து அவற்றைப் பெரிதாக்குகிறது. அடிக்கும்போது குமிழி பிறக்கவில்லை என்றால் எந்தப் பொடியாலும் கேக் மிருதுவாகாது.

‘வெண்ணெயை அறை வெப்பத்துக்குக் கொண்டு வரவும்’ என்ற வழக்கமான வரியை இந்தக் கடற்கரையில் அப்படியே பின்பற்ற முடியாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக்கி, பத்து நிமிடத்துக்குள் அடிக்கத் தொடங்க வேண்டும். பாத்திரத்தின் அடியில் ஐஸ்கட்டித் தண்ணீர் உள்ள தாம்பாளத்தை வைத்துக்கொள்ளலாம். முட்டையும் சற்றுக் குளிர்ந்தே இருக்கட்டும். கலவை வெளுத்து இரு மடங்காகும் பதம் தெரிந்தால் போதும். அக்னி நட்சத்திர நாள்களில் இதுவும் கடினம் என்றால், காற்றைப் பிடிக்கும் வேலையை முட்டை வெள்ளைக்கரு ஏற்கும் ஷிஃபான் முறை இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் ஹாரி பேக்கர் என்பவர் 1927இல் கண்டுபிடித்த இதில் வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய். வெயில் இதன் குமிழிகளைக் கலைக்காது. ஆனால் ஷிஃபான் கேக் மிக மெத்தென்றிருக்கும். செதுக்கினால் உதிரும், கனமான பூச்சைத் தாங்காது. உருவக் கேக்குக்கு வெண்ணெய்க் கேக்கே மேல். அதை அதிகாலையில் அடித்துவிடுவதுதான் இந்த ஊருக்கான எளிய தீர்வு.

பேக்கிங் பவுடர் சமையல் சோடாவும் உலர்ந்த அமிலமும் சேர்ந்த கலவை. ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்டு என்ற மருந்தாளர் 1843இல் அதை உருவாக்கினார். இன்று விற்கும் வகையில் ஓர் அமிலம் ஈரம் பட்டவுடனும் இன்னொன்று சூடு பட்ட பிறகும் வேலை செய்யும். வெப்பமான சமையலறையில் முதல் கட்டம் வேகமாக முடிந்துவிடும் என்பதால் கலந்த மாவைக் காக்க வைக்கக் கூடாது. மூடி சரியாக மூடாத டப்பாவில் கடல்காற்று புகுந்தாலே இந்த வினை மெல்ல நடந்துவிடும். ஒரு கரண்டிப் பொடியை வெந்நீரில் போட்டுப் பார்த்தால் தெரியும்: நன்றாக நுரைத்தால் உயிர் இருக்கிறது.

தட்டையான கேக்கைவிடக் குவிந்த கேக் வேக அதிக நேரம் எடுக்கும். வெப்பம் உள்ளே போகும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 4.5 சென்டிமீட்டர் உயரக் கேக் 170 டிகிரியில் அரை மணி நேரத்தை ஒட்டி வெந்துவிடும். 9 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நான்கு மடங்கு ஆக வேண்டும் என்று கணக்கு சொல்லும். கிண்ணத்தின் வளைந்த சுவர் எல்லாப் பக்கத்திலிருந்தும் சூட்டை உள்ளே அனுப்புவதால், நடைமுறையில் ஏறத்தாழ இரு மடங்கில் வேலை முடிகிறது. 160 டிகிரியில் 60 முதல் 70 நிமிடம். வெப்பத்தைக் கூட்டி அவசரப்பட்டால் ஓரம் கருகும், நடு மாவாகவே இருக்கும். நடுவில் செருகிய குச்சியில் மாவு ஒட்டாமல் வர வேண்டும். உணவு வெப்பமானி இருந்தால் 96 டிகிரியை ஒட்டிக் காட்டும். துடுப்புக்கான தட்டு 15 நிமிடத்தில் வெந்துவிடும், அதை மறந்துவிடக் கூடாது.

ஓவன் இல்லாத வீட்டில் கனமான பாத்திரமோ குக்கரோ உதவும். அடியில் ஒரு விரல் உயரம் உப்பையோ மணலையோ பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்துக் கிண்ணத்தை அமர்த்துகிறார்கள். குக்கர் என்றால் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். உள்ளே நீராவி தங்குவதால் மேல்பரப்பு சிவக்காது. ஆமைக் கேக்குக்கு இது குறையே அல்ல. அந்த மேல்பரப்பு கவிழ்த்த பிறகு தட்டில் படியும் அடிப்பாகமாகிவிடும்.

வெந்த கேக்கை உடனே வெட்டினால் உதிரும். சூடு ஆறும்போது குழைந்திருந்த மாவுச்சத்து இறுகுகிறது, உருகியிருந்த வெண்ணெய் மீண்டும் படிகமாகிறது. பத்து நிமிடம் கழித்துக் கவிழ்த்து, நன்றாக ஆறிய பின் காற்றுப் புகாமல் சுற்றி இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தால், மறுநாள் கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும். முதலில் அடிப்பாகத்தில் உப்பிய பகுதியைச் சமமாக வெட்டி எடுக்க வேண்டும். அந்தத் துண்டுகள் வீணாவதில்லை. அவற்றை உதிர்த்து, பூச்சுக்கான சாக்லேட் கலவையில் கொஞ்சம் சேர்த்துப் பிசைந்தால் கையால் உருட்டும் பதம் வரும். தலையும் கழுத்தும் அதில் செய்யலாம். குமிழிகள் இல்லாததால் இந்தக் கலவை கேக்கைவிட உறுதியானது. முன்துடுப்பு இரண்டையும் தட்டுக் கேக்கிலிருந்து வாள் வடிவில் நீளமாக வெட்டி, ஓட்டின் முன்பகுதியில் சாய்வாக ஒட்ட வேண்டும்.

உருவம் நிற்குமா வழியுமா என்பதைத் தீர்மானிப்பது பூச்சு. பால் கிரீமை அடித்தால் அதன் கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் காற்றைச் சுற்றி வலை பின்னுகின்றன. 10 டிகிரிக்கு மேல் அந்த வலை தளர்ந்துவிடும். தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் கிரீம் இதைவிடச் சற்று நேரம் தாங்கும், ஆனால் மே மாத மாலை விருந்தின் முடிவுவரை நிற்காது. வெண்ணெயும் ஐசிங் சர்க்கரையும் சேர்ந்த பட்டர்கிரீமும் வெண்ணெயின் உருகுநிலைக்குக் கட்டுப்பட்டதே.

மிஞ்சுவது கனாஷ் எனப்படும் சாக்லேட் - கிரீம் கலவை. கோக்கோ வெண்ணெய் 34 டிகிரியை ஒட்டி உருகும். வழக்கமாகக் கருஞ்சாக்லேட் 2 பங்குக்குக் கிரீம் 1 பங்கு. இங்கே அதை 3க்கு 1 என்று கெட்டியாக்க வேண்டும். பாமாயில் விதைக் கொழுப்பில் செய்த காம்பவுண்ட் சாக்லேட் இன்னும் சில டிகிரி கூடுதலாகத் தாங்கும், ஆனால் நாக்கில் மெழுகுபோலத் தங்கும். மின்விசிறி ஓடும் அறையில் விருந்து என்றால் உண்மையான சாக்லேட்டே போதும். மாடியில் பந்தல் போட்டு நடத்தினால் இரண்டையும் பாதிப்பாதி கலப்பது நல்ல சமரசம். எவ்வளவு தேவை என்பதையும் கணக்கே சொல்லும். 9 சென்டிமீட்டர் ஆரமுள்ள அரைக்கோளத்தின் வளைபரப்பு சுமார் 509 சதுர சென்டிமீட்டர். 3 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூச 150 மில்லிலிட்டருக்குச் சற்றுக் கூடுதல், எடையில் 180 கிராமை ஒட்டி வரும். துடுப்பு, தலை, சேதாரம் எல்லாம் சேர்த்து 300 கிராம் செய்தால் குறையாது: சாக்லேட் 225, கிரீம் 75.

கடைக் கேக்குகளின் வழவழப்பான தோலைத் தரும் ஃபாண்டன்ட் இந்த ஊருக்கு ஒத்துவருவதில்லை. அதற்குக் காரணம் சர்க்கரையின் இயல்பு. காற்றின் ஈரப்பதம் ஓர் எல்லையைத் தாண்டினால் சர்க்கரை தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சாதாரணச் சர்க்கரைக்கு அந்த எல்லை 85 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. ஃபாண்டன்டில் சேரும் குளுக்கோஸ் பாகும் கிளிசரினும் அதை மேலும் கீழே இறக்கிவிடுகின்றன. மழைக்காலக் காரைக்காலில் அந்த எல்லை தினமும் தாண்டப்படுகிறது. ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்தவுடன் பனிநிலை தன் வேலையைக் காட்டும். வைக்காவிட்டால் உருவம் மெல்ல இளகும். இரண்டு வழியும் பிசுபிசுப்பில்தான் முடியும்.

இதற்கு நல்ல மாற்று முந்திரி. ஐரோப்பாவில் பாதாமில் செய்யும் மார்சிபானை இந்தியாவில் முந்திரியில் செய்யும் வழக்கம் கேரளத்திலும் கோவாவிலும் தமிழ்நாட்டிலும் பரவலாக உள்ளது. முந்திரியில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. அது சர்க்கரைத் துகள்களைச் சூழ்ந்துகொள்வதால் ஈரம் ஏறும் வேகம் குறைகிறது. 150 கிராம் முந்திரிப் பொடியும் 120 கிராம் சர்க்கரையும் சேர்த்து, முந்திரி கத்லிக்குக் கிளறுவதுபோல் சுருளக் கிளறி, பட்டர் பேப்பருக்கு நடுவில் 3 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்தால் ஆமை ஓட்டின் கேடயங்களை வெட்டலாம். பங்குனி ஆமையின் ஓட்டில் நடுவரிசைக்கு இரு பக்கமும் ஐந்து முதல் ஒன்பது வரை கேடயங்கள் இருக்கும். பெரும்பாலும் ஆறு அல்லது ஏழு. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பச்சை ஆமைக்குப் பக்கத்துக்கு நான்குதான். இந்த எண்ணிக்கையை வைத்தே கடற்கரையில் ஆய்வாளர்கள் இனத்தை அடையாளம் காண்கிறார்கள். கேக்கிலும் அதைச் சரியாக வைத்தால், வெட்டுவதற்கு முன் பிள்ளை எண்ணிப் பார்க்க ஒரு விஷயம் கிடைக்கும்.

நிறம் கவனமாகக் கையாள வேண்டிய பகுதி. பஞ்சுமிட்டாயில் துணிச்சாயமான ரோடமின் பி கலந்திருந்தது தெரியவந்ததும், 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும் அதே மாதத்தில் தமிழ்நாடும் அதன் விற்பனைக்குத் தடை விதித்தன. இந்தியாவில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டு மட்டுமே. வாங்கும் புட்டியில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண்ணும் நிறத்தின் பெயரும் அச்சாகியிருக்க வேண்டும். உதிரியாகப் பொட்டலத்தில் கிடைக்கும் பொடி எதையும் பிள்ளைகள் உண்ணும் பண்டத்தில் சேர்க்கக் கூடாது.

பங்குனி ஆமைக்குச் சாயமே தேவையில்லை. அதன் ஓடு மங்கிய ஆலிவ் பச்சை. பசலைக்கீரையை அரைத்து வடிகட்டிய சாற்றில் சில துளி எலுமிச்சை சேர்த்துச் சூடாக்கினால், பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியம் வெளியேறி அந்த இடத்தில் ஹைட்ரஜன் அமர்கிறது. பளிச்சென்ற பச்சை, ஆலிவ் பழுப்பாக மாறிவிடும். கீரை அதிகம் வெந்தால் நிறம் கெடுகிறது என்று சமையலில் வருந்துவோம். இங்கே வேண்டியது அந்த நிறமே. இந்தச் சாறு 2 மேசைக்கரண்டியை முந்திரிக் கலவை கிளறும்போதே சேர்த்துவிடலாம். ஏலக்காய் கீரை வாசனையை மறைத்துவிடும். மஞ்சள்தூள் சேர்க்க நினைப்பவர்கள் கேக் மாவில் அதைத் தவிர்ப்பது நல்லது. சோடா அதிகமாகிக் காரத்தன்மை ஏறினால் அது சிவந்துவிடும்; ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரும் சுண்ணாம்பும் சேரும்போது நடப்பது அதே வினை.

ஆமையைச் சுற்றிக் கடல் வேண்டும் என்றால் காரைக்கால், நாகூர் இஸ்லாமியக் குடும்பங்கள் நோன்பு மாதத்தில் செய்யும் கடல்பாசியே போதும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் என்ற இப்பொருளுக்கு ஓர் அரிய குணம் உண்டு: உறைவது 32 முதல் 40 டிகிரிக்குள், மீண்டும் உருகுவது 85 டிகிரியை ஒட்டி. ஜெலட்டினோ வாயில் வைத்தாலே உருகும். மே மாத அறையில் நிற்காது. 1 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் அகர், சர்க்கரை, சங்குப்பூ ஊறிய நீல நீர் சேர்த்துக் கொதிக்க வைத்துத் தட்டில் ஊற்றினால், ஃப்ரிட்ஜ் இல்லாமலே உறையும். எலுமிச்சை பட்டால் நீலம் ஊதாவாகிவிடும் என்பதால் அதைச் சேர்க்கக் கூடாது. அகர் நேரம் போகப்போக நீர் கசியவிடும். கேக் நிற்கும் அட்டையைத் தனியாக வைத்து, கடல்பாசித் துண்டுகளைப் பரிமாறும் முன் சுற்றி அடுக்குவதே சரி.

வேலையை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் அதிகாலையில் கேக், மாலையில் முந்திரிக் கேடயங்கள். பிறந்தநாள் காலையில் செதுக்கி, முதலில் மெல்லிய கனாஷ் பூச்சு ஒன்று தடவ வேண்டும். உதிரும் துகள்கள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அது இறுகிய பின் இரண்டாவது பூச்சு, அதன்மேல் கேடயங்கள். முடித்த ஆமையை ஃப்ரிட்ஜில் வைத்தே ஆக வேண்டும் என்றால் அட்டைப் பெட்டிக்குள் மூடி வைக்க வேண்டும். வெளியே எடுத்த பிறகும் பெட்டியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விட்டால், நீர் பெட்டியின் மேல் கோக்கும், கேக் நனையாது.

முதல் பிறந்தநாள் என்றால் கேக்கில் தேன் கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில், தேனில் இருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமியின் வித்துகள் முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும். ஐந்து வயதுக்குள் உள்ளவர்கள் வரும் விருந்தில் முழு முந்திரியோ உருண்டை மிட்டாயோ அலங்காரத்துக்கு வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கும். கண்களைச் சாக்லேட் சொட்டால் வைக்கலாம், பல்குத்தும் குச்சியால் அல்ல. வேகாத முட்டை வெள்ளைக்கருவில் செய்யும் ஐசிங்கில் சால்மோனெல்லா தங்கியிருக்க வாய்ப்புண்டு. அதையும் தவிர்க்க வேண்டும். அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்திலிருந்து 2017இல் வெளியான ஆய்வொன்றில், மெழுகுவர்த்தியை ஊதி அணைத்த பின் பூச்சின்மேல் இருந்த பாக்டீரியாக்கள் சராசரியாக 14 மடங்கு கூடியிருந்தன. நலமான ஆட்களுக்கு இதனால் பெரும்பாலும் தீங்கில்லை. யாருக்காவது காய்ச்சலோ சளியோ இருந்தால் மெழுகுவர்த்தியை ஒரு தனித் துண்டில் ஏற்றி, அதை அந்தப் பிள்ளைக்கே கொடுத்துவிடலாம்.

கனாஷும் முந்திரியும் பூசிய வெண்ணெய்க் கேக், மின்விசிறி ஓடும் அறையில் அன்று முழுவதும் கெடாது. மீதியை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் தின்றுவிட வேண்டும். பால் கிரீம் பூசிய கேக்குக்கு இந்த அவகாசம் கிடையாது. காரைக்கால் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே இருந்த கிரீம் துண்டை, எவ்வளவு ஆசையாகச் செய்ததாக இருந்தாலும், பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது.